எழுபத்து நாலாம் நம்பர் செருப்பு

மலேசியாவின் ஈப்போவிலிருந்து தஞ்சாவூருக்கு நான் கொண்டுபோன பெட்டியில் பாதி இடத்தைக் காய்ந்துபோன இரண்டு கல்யாண மாலைகள் அடைத்துக்கொண்டன. என் மகள் யாழினியும் மாப்பிள்ளையும் மாற்றிக்கொண்ட மாலைகள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் குடவாசல் பக்கம். கல்யாண மாலையை ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் விட்டே ஆகவேண்டும் என்று சம்பந்தியம்மா ஒற்றைக் காலில் நின்றார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"உங்க கையாலயே விடணும் சம்பந்தி. பிள்ளைங்க நல்லா இருக்கணும்னா வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்று விமான நிலையம் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. என் தம்பி குமார் ஒன்பது வயதில், நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கிடந்த ஈயச் சுரங்கக் குட்டையில் மூழ்கிப் போனான். அப்போது எனக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து ஆறு, குளம், கடல் எதிலும் நான் கால் நனைத்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்கு கடற்கரைக்கு அழைத்துப் போனால்கூட பஸ்ஸிலேயே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். மகளுக்காகத்தான் இந்த வேலைக்குத் தலையாட்டினேன்.

சுங்கச் சோதனையில் ஓர் இளம் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மாலையைத் தூக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, காஞ்சு போயிருக்கு?"

"மாலைதான் தம்பி காஞ்சிருக்கு. கல்யாணம் பசுமையாத்தான் இருக்கு."

சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் போய் இறங்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது.

என்னை அழைத்துப்போக வந்தவர் கலியபெருமாள் அண்ணன், மாப்பிள்ளையின் பெரியப்பா. குடவாசல் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவை போட்டிருக்கிறார். போனில் அவர் "பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்" என்கிறார். நானும் "பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்" என்கிறேன். முக்கால் மணி நேரம் இப்படியே இருவரும் நின்றோம். அவர் நின்றது பழைய பஸ் ஸ்டாண்டு, நான் நின்றது புதிய பஸ் ஸ்டாண்டு. இந்த ஊரில் அது இரண்டு உண்டு என்பதை எல்லாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வெயில்ல நிக்க வச்சிட்டேனே, கோச்சுக்காதீங்க சம்பந்தியம்மா" என்று அவர் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். பாசிப்பருப்பில் நெய் ஊற்றிக் கிளறிய அந்த இனிப்பில் இரண்டு கரண்டி உள்ளே போனதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று வைத்தார்கள். உருளைக்கிழங்கும் பருப்பும் சோம்பு வாசனையும் சேர்ந்த இளங்குழம்பு. எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

பசியாறியதும் ஆற்றைப் பார்த்து வைக்கலாம் என்று ஆட்டோ பிடித்தேன். ஊர் நடுவே, காவிரியிலிருந்து பிரிந்து வரும் புது ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. செம்மண் கலந்த தண்ணீர். படித்துறையில் மூங்கில் கட்டி மறித்திருந்தார்கள்.

"இந்த வருஷம் இழுப்பு ஜாஸ்திம்மா. படித்துறையில யாரையும் எறங்க விடல. எல்லாரையும் ஏரிக்குத்தான் போகச் சொல்றாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்குக் காவிரிதான் வேணும். ஏரி எதுக்கு?"

"ஏரிக்கு வர்றதும் காவிரித் தண்ணிதாம்மா. வாய்க்கால் வழியா வருது. சந்தேகமா இருந்தா அங்க தமிழரசின்னு ஒரு அக்கா இருக்கும், கேட்டுப் பாருங்க. ஆனா சத்தம் போடும், பாத்துக்குங்க."

தெருக்கள் முடிகிற இடத்தில் சட்டென்று ஏரி விரிந்தது. மூன்று பக்கமும் வீடுகள், ஒரு பக்கம் தண்ணீர் வருகிற வாய்க்கால். வீட்டுக் கழிவு கலந்து நாறும் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படி ஒன்றுமில்லை. வாய்க்கால் வாயில் கம்பிவலை கட்டி, அதில் சிக்கிய பைகளையும் பாட்டில்களையும் நாலைந்து பெண்கள் அரித்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. வயல் வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற மாதிரி.

கழுத்தில் விசில் தொங்க ஒருத்தி நிமிர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள்தான் தமிழரசி.

"வாங்கம்மா. அந்தப் பையில என்ன?"

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாலைகளை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். ரோஜாவுக்கு நடுவே ஜிகினா, தெர்மோகோல் உருண்டை, முத்துச் சரம், எல்லாவற்றையும் கட்டிய நைலான் நூல். ஈப்போவில் ஆர்டர் கொடுத்துக் கட்டிய மாலை, லேசுப்பட்டதா? அவள் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏம்மா! கல்யாண மாலையில கத்தரி வைக்கிறியா? உனக்கு மனசு எப்படி வருது?"

பள்ளிக்கூடத்துக் குரலில்தான் கத்தினேன். பிள்ளைகளாக இருந்தால் நடுங்கியிருப்பார்கள். அவள் கத்தரியைப் பையில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"கத்தரி வேணாம்னா கையால பிரிப்போம், ஒக்காருங்க. பூவு மட்டும்தான் தண்ணிக்குள்ள போகும். இந்த நைலான் நூலு காலைச் சுத்துனா நீச்சல் தெரிஞ்சவனே தவிச்சிடுவான். அப்புறம் வாய்க்கால்ல போயி வயலு மடையை அடைக்கும். உங்க பொண்ணு மாலை ஊருல யாரு காலையும் சுத்த வேணாமே டீச்சர்."

"நான் டீச்சர்னு யாரு சொன்னா?"

"நீங்க போட்ட சத்தம்தான் சொல்லுச்சு."

அதற்கப்புறம் கோபம் நிற்குமா? உட்கார்ந்து பிரித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன், அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நடவு நட்டு இவளைப் படிக்க வைத்தவர்கள். லீவு நாளிலெல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கிறாள். தெருப் பெண்கள் முப்பது பேர் கூட இருக்கிறார்கள்.

ஏரிக்குள் வரிசையாகச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்கள் நின்றன. அவை எதற்கு என்று கேட்டேன்.

"அதுக்கு அந்தாண்ட பள்ளம். கோடையில ஏரி காஞ்சு கெடக்குறப்ப மண்ணு அள்ளிருவாங்க. தண்ணி வந்தப்புறம் பள்ளம் தெரியுமா? போன மாசம் வரைக்கும் கிரிக்கெட் வெளையாடுன எடம்தானேன்னு நம்பி எறங்குவாங்க, காலு தரையில பாவாது. அதான் காஞ்சு கெடக்குறப்பவே நாங்க நடந்து பாத்து, பள்ளத்தைச் சுத்தி மூங்கில் நட்டுடுவோம்."

தண்ணீர் வருமுன்பே ஆபத்து இருக்கும் இடத்தை நடந்து பார்த்து வைக்கும் புத்தியை எண்ணி நான் அசந்துபோனேன். எங்கள் குட்டைக்கு அரசாங்கம் ஒரு தகரப் பலகை வைத்திருந்தது. அது துருப்பிடித்து விழுந்து கிடந்தது.

"இதெல்லாம் மீறி யாராவது போயிட்டா?"

"அதுக்குத்தான் செருப்பு" என்றாள்.

ஆடிப்பெருக்கு அன்று இறங்குகிறவர்கள் செருப்பைக் கரையில் ஒப்படைக்க வேண்டும். தையல்கடைத் துண்டுத் துணியில் நம்பர் எழுதி ஒன்றைச் செருப்பில் கட்டுவார்கள், அதே நம்பரை மணிக்கட்டில் கட்டுவார்கள். திரும்பி வந்து நம்பரைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொள்ளலாம். செருப்பு நின்றால் ஆள் இன்னும் ஏறவில்லை என்று கணக்கு. சாயங்காலம் கடைசி ஜோடி போனபிறகுதான் மைக்கில் "எல்லாரும் ஏறியாச்சு" என்று சொல்வார்களாம். அதைக் கேட்காமல் தெருவில் யாரும் கதவு சாத்துவதில்லையாம்.

"இது யாரு யோசனை?"

தமிழரசி நூலைப் பிரித்தபடியே சொன்னாள். "ஒரு வருஷம் இந்தப் படியில ஒரு ஜோடிச் செருப்பு காலையிலேருந்து கெடந்துச்சு டீச்சர். தண்ணி எடுக்க நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் தாண்டித்தான் போனேன். ஆளு போயிட்டாருன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது."

பிரித்துக்கொண்டிருந்த நூலைக் கீழே வைத்தேன். குமாரின் ரப்பர் செருப்பு, ஜப்பான் சிலிப்பரும் அன்று குட்டைக் கரையில் காலையிலிருந்து கிடந்தது. எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் யாருடையது என்று கேட்கவில்லை. இதை அவளிடம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆடிப்பெருக்கு. அடேயப்பா, அந்தக் கூட்டம்! தட்டில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக்கொண்டு பெண்கள், புதுத்தாலிக் கயிறு மாற்றக் காத்திருக்கும் இளஞ்சோடிகள், மடியில் சோற்றுப் பொட்டலம். கரையெங்கும் புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் மணந்தன. எங்கள் ஊர் தைப்பூசக் கூட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மைக்கில் தமிழரசியின் குரல் ஓயாமல் கேட்டது. "செருப்பை விட்டுட்டுப் போகாதீங்க. பீடை போகட்டும்னு பழைய செருப்பைக் கரையில விட்டுட்டுப் போறவங்களுக்குச் சொல்றேன். உங்க பீடை எங்க தலையிலதான் வந்து விடியும். நாங்க உங்களைத் தண்ணிக்குள்ள தேடுவோம். ஞாபகம் வச்சுக்குங்க."

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். என் பழுப்புச் சிலிப்பரைக் கொடுத்தேன். மணிக்கட்டில் 74 என்று கட்டினார்கள்.

இறங்குமிடத்தில் இருபுறமும் தேங்காய் நார்க் கயிறு. ஆளுக்கு ஒரு பெண் கை பிடித்து இறக்குகிறாள். என் முறை வந்தபோது இரண்டு படிக்கு மேல் கால் நகரவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். தமிழரசி மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க. நான் விட மாட்டேன்."

இறங்கினேன். நாற்பத்தெட்டு வருடத்துக்கு அப்புறம் காலில் மண்ணும் தண்ணீரும் பட்டன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ந்த பூவையெல்லாம் கைநிறைய அள்ளி விட்டேன். யாழினி நல்லா இருக்கணும் என்று ஒருதரம் சொன்னேன். அதற்கப்புறம் குமார், குமார் என்றுதான் வாய் சொன்னது. அழுதுகொண்டே ஏறினேன்.

கண்ணில் தண்ணீர், எதிரே கூட்டம், கையில் அலறும் போன். கலியபெருமாள் அண்ணன். "வண்டியைத் தெக்குக் கரையில நிறுத்தியிருக்கேன். எடுங்க எடுங்கன்னு போலீஸ்காரர் விரட்டுறாரு. சீக்கிரம் வாங்க!" பக்கத்திலிருந்த சின்னப் படி வழியே ஏறித் தெற்குக் கரைக்கு ஓடினேன். வண்டியில் ஏறிய பிறகுதான் வெறுங்காலோடு இருப்பது தெரிந்தது.

"அய்யோ, என் செருப்பு!"

"போகட்டும் விடுங்க. நல்ல நாளும் அதுவுமா செருப்பு தொலைஞ்சா பீடை போச்சுன்னு அர்த்தம். போற வழியில புதுசு வாங்கிக்கலாம்."

எனக்கும் அது இதமாக இருந்தது. இத்தனை வருடப் பாரம் அந்தச் செருப்போடு கரையிலேயே போகட்டும் என்று தோன்றியது. மைக்கில் கேட்டதெல்லாம் எந்தக் காதில் ஏறியதோ! படித்தவள், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், இப்படியா புத்தி மழுங்கும்?

குடவாசல் போகிற வழியில் அம்மாபேட்டையில் ஒரு செருப்புக் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். வாரை இழுத்து மாட்டக் குனிந்தேன். என் கையில் 74.

மாட்டிய செருப்பை உதறிவிட்டு எழுந்தேன். "அண்ணே, வண்டியைத் திருப்புங்க!"

"ஒரு செருப்புக்காகவா சம்பந்தியம்மா?"

"அங்க என்னைத் தண்ணிக்குள்ள தேடிக்கிட்டு இருப்பாங்கண்ணே!"

அவர் முகம் மாறியது. யாருடைய போன் நம்பரும் எங்களிடம் இல்லை. வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினார். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் பச்சைப் பசேலென்று குறுவைப் பயிர். சற்று முன் போகும்போது அதைப் பார்த்து வாய் பிளந்தவள் இப்போது ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நான்தான் போகட்டும்னு சொன்னேன். என் தப்பு" என்றார். "ரெண்டு பேர் தப்பும்தான்" என்றேன்.

ஏரிக்கரை அமைதியாக இருந்தது. ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர்கூடத் தண்ணீர் ஓரத்தில் இல்லை, எல்லாரையும் மேலே ஏற்றியிருந்தார்கள். ஏரிக்குள் ஆணும் பெண்ணுமாக ஐம்பது அறுபது பேர் கைகோத்து வரிசையாக நின்று, காலால் அடிமண்ணைத் துழாவியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். மூங்கில்களுக்கு அப்பால் பள்ளத்தில் தீயணைப்பு வீரர் ஒருவர் முங்கி முங்கி எழுந்தார். அவர் பிடித்திருந்த கயிற்றின் இந்த நுனியைக் கழுத்தளவு தண்ணீரில் நின்று தமிழரசி பிடித்திருந்தாள். படியில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு.

"நான்தான்! எழுபத்திநாலு நான்தான்! இங்க இருக்கேன்!"

கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். வரிசை முழுவதும் அப்படியே திரும்பிப் பார்த்தது. தமிழரசி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். படியேறி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அறிவிருக்கா டீச்சர் உங்களுக்கு? நடுங்கிக்கிட்டு எறங்குன மனுஷி, அழுதுக்கிட்டு ஏறுனதைப் பாத்தேன், அப்புறம் ஆளைக் காணோம். திரும்ப எறங்கிட்டீங்கன்னு நினைக்காம நான் வேற என்னன்னு நினைக்கிறது? என் கையை விட்டுப் போயிட்டீங்களேன்னு..."

என் மேல் சாய்ந்து விம்மினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒருதரம் அல்ல, கரையேறி வந்த ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கேட்டேன். "வந்துட்டீங்கள்ல, அது போதும்" என்றார் ஒரு பெரியவர். அவருக்குப் பற்கள் தந்தியடித்தன. கரையில் சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. யாரென்றே தெரியாத ஒருத்தியின் செருப்புக்காக அவ்வளவு பேரும் பட்டினியாக இறங்கியிருக்கிறார்கள்.

படியில் உட்கார்ந்தோம். அவள் ஈரத்தோடு நடுங்கினாள். கலியபெருமாள் அண்ணன் தன் துண்டைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அப்போதுதான் சொன்னேன்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் தமிழரசி. குட்டையில போயிட்டான். அவன் செருப்பும் கரையிலதான் கெடந்துச்சு. எத்தனையோ பேரு பாத்துட்டுத் தாண்டிப் போனாங்க. அதுல நானும் ஒருத்தி. அவன் செருப்புன்னு எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுட்டு எங்கயோ ஆடப் போயிட்டான், வீட்டுக்கு வரட்டும், அப்பாகிட்ட பிரம்படி வாங்கித் தர்றேன்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லல."

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன கலரு?" என்று கேட்டாள்.

"நீலம். ஒரு வார் அறுந்து ஊக்கு போட்டிருக்கும்."

தலையாட்டிக்கொண்டாள். எழுந்து போய் என் பழுப்புச் சிலிப்பரைக் கையிலேயே எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். அதிலிருந்த நம்பரை அவிழ்த்தாள், என் மணிக்கட்டில் இருந்ததையும் அவிழ்த்தாள். கடைசி ஆளும் தண்ணீரை விட்டு ஏறிவிட்டார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்."

ஐந்நூறு பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் மைக்கே இல்லாமல் பேசியவள் நான். வாங்கிக்கொண்டேன்.

"எழுபத்திநாலு ஏறியாச்சு" என்றேன். "எல்லாரும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவள்தான் சொன்னாள்.

தெருவில் ஒவ்வொன்றாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ என் கையில் புளிசாதப் பொட்டலத்தைத் திணித்தார்கள். தமிழரசியும் நானும் அதைப் பிரித்து ஒரே இலையில் சாப்பிட்டோம்.